குப்பைக்கு ஒரு முகவரி

எங்கள் வீட்டின் பின்வளவில் மூன்றடி நீளமும் மூன்றடி அகலமும் மூன்றடி உயரமும் கொண்ட ஒரு மரப்பெட்டி இருக்கிறது. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளுக்குப் பின்னால் வழமையாகக் காணப்படும் ஒடுங்கிய வளவுதான் எங்களுடையதும். ஓர் ஈரப்பலா மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, உடுப்புக் காயப்போடும் கொடி, இவற்றுக்கிடையில் அந்தப் பெட்டி. புதிதாக வருபவர்கள் அதைக் கோழிக்கூடு என்று நினைப்பார்கள். "எத்தன கோழி நிக்குது?" என்று கேட்டவர்களும் உண்டு. கோழி இல்லை, உள்ளே இருப்பது குப்பை என்று சொன்னதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரடி பின்னால் போவார்கள்.

சென்ற தவணை எமது சுற்றாடல் கழகக் கூட்டத்தில் இந்தப் பெட்டியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசும்படி என்னைக் கேட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அதை எப்படிச் செய்தேன் என்பதை மட்டுமே சொல்ல முடிந்தது. ஏன் செய்தேன் என்பதற்கு நேரம் போதவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை என் உம்மும்மாவிடமிருந்து ஆரம்பிக்கிறது. அவர் இதே வீட்டில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் மேல்மாடி யன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். மறுபக்கம் புளூமெண்டல் குப்பைமேடு தெரியும் என்பார். கொழும்பு நகரத்தின் குப்பையெல்லாம் ஆண்டுக்கணக்காக வந்து குவிந்த இடம் அது. மழை பெய்து ஓய்ந்த மாலை நேரங்களில்தான் நாற்றம் அதிகமாக இருக்குமாம். கொடியில் கிடக்கும் உடுப்பிலும் அந்த நாற்றம் ஏறிவிடும். இரண்டாம் தரம் துவைத்தாலும் போகாது. பெருநாளைக்குத் தைத்த சட்டையைக்கூட வெளியே காயப்போடாமல் அறைக்குள்ளேயே காயப்போட்ட கதையை உம்மும்மா இன்னும் சொல்வார்.

2009 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து புளூமெண்டலில் குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது. அப்போது எனக்கு இரண்டு வயது. அந்த நாற்றம் எனக்கு நினைவில் இல்லை. ஆனால் அந்த நாளைப் பற்றி உம்மும்மா சொன்னது மட்டும் மறக்கவில்லை.

"எங்கட பக்கம் மணம் கொறஞ்சதும் அல்ஹம்துலில்லாஹ் எண்டு செல்லினோம் மகள். அந்தக் குப்ப இனி எங்க போகுது எண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

அது மீதொட்டமுல்லைக்குப் போனது. எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், கொலன்னாவைப் பகுதியில் இருக்கும் ஊர் அது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தொன் குப்பை அங்கே கொட்டப்பட்டது. அதன் காலடியில் மூவினத்து மக்களும் வீடு கட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி சித்திரைப் புத்தாண்டு தினம். அன்று பிற்பகல், வீடுகளில் பலகாரம் பகிர்ந்துகொண்டிருந்த நேரத்தில், அந்த மலை சரிந்து வீடுகளை மூடியது. 30 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் வீடிழந்தார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு மாணவி. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என்னைத் தொலைக்காட்சிக்கு முன்னால் வர வேண்டாம் என்று உம்மா தடுத்தார். நான் கதவோரத்தில் நின்று பார்த்தேன். மண்ணைத் தோண்டுவதாகத்தான் முதலில் நினைத்தேன். அது மண் அல்ல, குப்பை என்று பிறகுதான் விளங்கியது.

உம்மும்மா தஸ்பீஹைக் கையில் வைத்தபடி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அதுல எங்கட ஊட்டுக் குப்பையும் இருக்கும்."

அடுத்த வருடம் டிசம்பர் விடுமுறைக்குப் புத்தளத்திலுள்ள சாச்சியின் வீட்டுக்குப் போயிருந்தோம். கொழும்பின் குப்பையை வண்ணாத்திவில்லுப் பகுதியிலுள்ள அருவக்காட்டுக்குக் கொண்டுபோவது என்று அப்போது முடிவாகியிருந்தது. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பள்ளங்கள் அங்கே இருக்கின்றன. வில்பத்துக் காடும் கலா ஓயாவும் அதற்கு அண்மையில்தான். இதை எதிர்த்துப் புத்தளத்து மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பெண்கள், முதியவர்கள், பாடசாலைப் பிள்ளைகள் என்று எல்லாரும் முறைவைத்து வந்து உட்கார்ந்த அந்தப் போராட்டம் நூறு நாட்களைத் தாண்டியும் நடந்தது. அது நடந்த இடத்தின் பெயர் கொழும்பு முகத்திடல். அது முன்பிருந்தே உள்ள பெயர். அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

சாச்சியோடு ஒரு பின்னேரம் நானும் அங்கே போய் உட்கார்ந்தேன். "சீமெந்துத் தூசு எங்களுக்கு, நுரைச்சோல நிலக்கரிச் சாம்பல் எங்களுக்கு, இப்ப கொழும்புக் குப்பையும் எங்களுக்கா?" என்று ஒரு வயதான பெண்மணி யாரிடம் என்றில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் ஒரு பிஸ்கட் பக்கெற் தந்தார். சாப்பிட்டு முடித்துவிட்டு, வழமையாகக் கேட்பதுபோல், கேட்டுவிட்டேன்.

"சாச்சி, இந்தக் குப்பைய எங்க போடுற?"

சுற்றியிருந்தவர்கள் ஒரு கணம் பேசாமல் இருந்தார்கள். பிறகு சாச்சியே சிரித்துக்கொண்டு, "கொழும்புப் புள்ள கேக்குது, குப்பைய எங்க போடுறதாம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதில் கோபம் எதுவும் இருக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிஸ்கட் உறையை மடித்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அது என்னோடு கொழும்புக்குத் திரும்பி வந்தது. திரும்பி வந்தும் அதை எங்கள் சமையலறை வாளியில்தான் போட்டேன். வேறு எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

2019 ஓகஸ்டில் கொழும்பிலிருந்து குப்பை லொறிகள் அருவக்காட்டுக்குப் போகத் தொடங்கின. அதே ஆண்டு ஒக்டோபரில் அங்கே வாயு சேர்ந்து ஒரு வெடிப்பு ஏற்பட்டது. சாச்சியோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் உம்மா முதலில் அதைத்தான் விசாரிப்பார்.

இதெல்லாம் மனதில் கிடந்தாலும் நான் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றைச் செய்ய வைத்தது 2022 ஆம் ஆண்டு. அந்த வருடத்தை நம் நாட்டில் யாரும் மறக்க மாட்டோம். எரிவாயு சிலிண்டருக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. ஜூன் இறுதியில் எரிபொருள் இல்லாததால் கொழும்புப் பாடசாலைகள் மூடப்பட்டன. அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கப்பட்டது. முந்திய வருடம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, சில மாதங்களில் அந்தத் தடையை நீக்கியிருந்தார்கள். அதனால் 'சேதனப் பசளை' என்ற சொல் எல்லோர் வாயிலும் இருந்தது. பசளைதான் எங்கும் கிடைக்கவில்லை.

டீசல் இல்லாமல் குப்பை வண்டி வருவதும் குறைந்தது. எங்கள் தெருமுனையில் பைகள் குவிந்தன. நாய்களும் காகங்களும் அவற்றைக் கிழித்து இழுத்தன. மழை அதன்மேல் பெய்தது. ஒரு காலை உம்மும்மா மேல்மாடி யன்னலைத் திறந்தார். உடனே மூடிவிட்டுச் சொன்னார். "இது அந்தப் பழைய மணம்."

அன்றே நானாவும் நானும் சமையலறைக் குப்பையைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். ஆறு பேர் உள்ள எங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் சேர்ந்த மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, தேங்காய்ப்பூச் சக்கை, முட்டைக்கோது, பழத்தோல் எல்லாம் 9 கிலோகிராம் வந்தது. 52 வாரத்துக்குக் கணக்குப் பார்த்தால் 468 கிலோகிராம். பிளாஸ்டிக்கையும் கடதாசியையும் தனியே எடுத்து வைத்தபோது, வாளியில் பாதிக்கும் மேல் அழுகக்கூடிய பொருள்தான் இருந்தது. நாங்கள் குப்பை என்று தெருவில் வைத்ததில் பெரும்பங்கு உண்மையில் மண்ணுக்குரிய சாப்பாடு.

முன்பு உள்ளூராட்சி மன்றங்கள் வீடுகளுக்குக் கொடுத்த கறுப்பு நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று வாங்கலாமா என்று யோசித்தோம். அந்த நாட்களில் அது கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை கட்டாது. அப்போதுதான் வாப்பா தான் வேலை செய்யும் புறக்கோட்டைக் கடையின் பின்னால் பாரப்பொருட்கள் ஏற்றி வரும் மரத்தட்டுகள், நாங்கள் 'பெலட்' என்று சொல்வோமே, அவை கிடப்பதாகச் சொன்னார். கடைக்காரர் நான்கைத் தர இணங்கினார். பெற்றோல் இல்லாத காலம். வாப்பாவும் நானாவும் ஒரு கைவண்டியில் அவற்றை ஏற்றி, புறக்கோட்டையிலிருந்து ஆமர் வீதி வழியாக வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பலகை வந்து இறங்கியதும் வீட்டில் ஒரு சண்டை வந்தது. எரிவாயு இல்லாமல் நாங்கள் வளவில் மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்த நேரம் அது. விறகுக் கட்டு ஒன்றின் விலை ஏறிக்கொண்டே போனது. உம்மாவுக்கு அந்தப் பலகைகளைப் பார்த்ததும் ஒரு மாதச் சமையல்தான் தெரிந்தது.

"அடுப்பெரிக்க விறகில்லாத நேரத்துல குப்பைக்கு ஊடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை. உம்மா சொன்னது பிழையும் இல்லை. விடிய நான்கு மணிக்கு எழுந்து புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேநீர் வைப்பவர் அவர்தான். நான் அல்ல. இறுதியில் உம்மும்மாதான் தீர்ப்புச் சொன்னார். நல்ல நீளப் பலகைகள் பெட்டிக்கு. உடைந்த பலகை, வெட்டித் தள்ளும் துண்டு, மரக்கட்டை எல்லாம் அடுப்புக்கு. ஆனால் ஒரு நிபந்தனை. "நாத்தம் வந்தா பெட்டியும் அடுப்புக்குத்தான்."

பலகையை வெட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று தெருமூலையில் இருக்கும் தச்சு பாஸ் சொல்லித் தந்தார். நாடுவிட்டு நாடு போகும் மரத்தட்டுகளில் ஒரு கோதுமைக் கதிர் படத்துடன் முத்திரை குத்தியிருக்கும். அதில் 'எச்.டி.' என்ற எழுத்துகள் இருந்தால் பூச்சி போக வெப்பமூட்டிய மரம். 'எம்.பி.' என்று இருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சு வாயு ஊட்டிய மரம். எங்கள் நான்கில் ஒன்று இரண்டாம் வகை. அதைப் பெட்டிக்கும் எடுக்கவில்லை, அடுப்புக்கும் கொடுக்கவில்லை. உம்மாவின் முகம் இன்னும் கொஞ்சம் வாடியது.

ஆணி கழற்றுவதற்கே இரண்டு நாள் போனது. நெம்புகோலை வேகமாக இழுத்தால் பலகை வெடித்துவிடும். பலகைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டையை வைத்து, மெதுவாக அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்து நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தினோம்.

நான்கு மூலைக்கும் நான்கு சட்டங்கள் நிறுத்தினோம். மூன்று பக்கமும் பலகைகளை அடித்தோம். ஒவ்வொரு பலகைக்கும் இடையில் அரை அங்குலம் இடைவெளி விட்டோம். காற்றுப் போவதற்கு அது வேண்டும். முன்பக்கத்துக்கு மட்டும் ஆணி அடிக்கவில்லை. இரண்டு சட்டங்களிலும் பள்ளம் போன்ற ஒரு வழி அமைத்து, பலகைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிச் செருகும்படி செய்தோம். பழைய கடைகளின் பலகைக் கதவைப்போல. உள்ளே கிளறவும் அடியிலிருந்து எருவை எடுக்கவும் அது இலகு. அடிப்பக்கம் மண்ணோடு திறந்தே இருக்க வேண்டும். மண்புழு மேலே வர வேண்டுமே. ஆனால் கொட்டாஞ்சேனை எலிகளும் அதே வழியால் வரும். ஆகவே அரை அங்குலக் கம்பிவலையை அடியில் விரித்து, ஓரத்தை மேலே மடித்து ஆணி அடித்தோம். கறையான் ஏறாதபடி சட்டங்களின் கால்களைச் செங்கல்லின்மேல் நிறுத்தினோம். மூடிக்குப் பழைய கூரைத்தகரம் ஒன்றைப் பின்பக்கம் சரிவாக, பிணைச்சல் வைத்துப் பொருத்தினோம். சரிவு இல்லாவிட்டால் அதில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும். டெங்கை எங்கள் கையாலேயே வளர்த்ததாகிவிடும்.

மூன்றடி என்ற அளவு சும்மா வந்ததல்ல. குவியல் ஏறத்தாழ ஒரு கனமீற்றர் அளவு இருந்தால்தான் உள்ளே பிறக்கும் சூடு வெளியேறாமல் நிற்கும். சிறிதாக இருந்தால் சூடு தங்காது. மிகப் பெரிதாக இருந்தால் நடுவுக்குக் காற்று எட்டாது.

ஒரு வாரம் எடுத்தது. பலகை எல்லாம் ஒரே மட்டமாக இல்லை. வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆனாலும் நாங்கள் கட்டிய பெட்டி. முதல் நாள் வெண்டிக்காய்க் காம்பும் வெங்காயத் தோலும் போட்டுவிட்டு மூடியை மூடியபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை மூன்று வாரம்தான். சமையலறையில் மிஞ்சியது எல்லாவற்றையும் அதற்குள் கொட்டினேன். சோறு, ஆணம், மீன் தலை, கழுவிய தண்ணீர் எதையும் விடவில்லை. பெட்டி நிறைய நிறைய வேலை நடப்பதாக நினைத்தேன். ஜூலை மழை வேறு. ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். எங்கள் பெருநாள் பிலாவு போகாமல் அவருடைய நத்தார் இல்லை. அவருடைய கேக் வராமல் எங்கள் டிசம்பர் இல்லை. அப்படிப்பட்டவர்.

"மகள், சொல்லுறன் எண்டு கோவிக்காதீங்க. ஒரு கிழமையா யன்னல் திறக்க ஏலாம இருக்கு. காயப்போட்ட உடுப்பெல்லாம் மணக்குது."

மூடியைத் திறந்தேன். கறுப்பாக, களிபோல, புழு நெளிந்துகொண்டு கிடந்தது. அந்த நாற்றம் வயிற்றைப் புரட்டியது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. உடுப்பு மணக்கிறது என்று அன்ரி சொன்ன சொல், உம்மும்மா புளூமெண்டலைப் பற்றிச் சொன்ன அதே சொல். குப்பையை இன்னொருவர் வாசலுக்கு அனுப்பக்கூடாது என்றுதானே பெட்டி செய்தேன்? ஒரு மதில் தள்ளி அதையேதான் செய்திருக்கிறேன்.

காலையில் உம்மும்மா நிபந்தனையை நினைவூட்டுவார் என்று பயந்தேன். அவர் அதைப் பேசவில்லை. "தனிய ஆணத்த மட்டும் தந்தா நீங்க சாப்பிடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் விஷயம் அதுதான்.

விஞ்ஞானப் பாடத்தில் நாங்கள் படிக்கும் காபனும் நைதரசனும் இங்கேதான் வருகின்றன. மரக்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை போன்ற ஈரமான பச்சைப் பொருட்களில் நைதரசன் அதிகம். காய்ந்த இலை, மரத்தூள், கடதாசி மட்டை போன்ற காய்ந்த பொருட்களில் காபன் அதிகம். குவியலிலுள்ள நுண்ணுயிர்களுக்கு நைதரசன் ஒரு பங்கென்றால் காபன் 25 முதல் 30 பங்குவரை வேண்டும். நடைமுறையில், ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த இலை என்று வைத்துக்கொண்டால் போதும். நான் காய்ந்த பொருள் ஒரு பிடிகூடப் போடவில்லை. காற்றுப் போக இடமில்லாமல் எல்லாம் ஒட்டிப்போயிருந்தது. காற்றில்லாத இடத்தில் வேறுவகை நுண்ணுயிர்கள் பெருகும். அவைதான் நாற்றத்தையும் மீதேன் வாயுவையும் உண்டாக்குகின்றன. ஒரு குப்பை மலையின் வயிற்றுக்குள் நடப்பதும் இதுதான். வாழைப்பழத் தோல் ஒன்றுதான். காற்றுப் பட்டால் அது எரு. மூச்சு முட்டினால் அது வெடிக்கும் வாயு.

இது புதிய அறிவும் அல்ல. அல்பர்ட் ஹொவார்ட் என்ற ஆங்கிலேய விவசாய ஆய்வாளர் இந்தியாவின் இந்தூரில் பல வருடம் ஆராய்ந்து, இலைகுழையையும் சாணத்தையும் மாறி மாறி அடுக்கிக் கிளறிவிடும் முறையை 1931 இல் நூலாக வெளியிட்டார். இன்றும் அதை இந்தூர் முறை என்கிறார்கள். கீழைத்தேய விவசாயிகளிடமிருந்து தான் கற்றுக்கொண்டதை அவர் மறைக்கவில்லை. எங்கள் பாட்டன்மார் வளவின் மூலையில் குழி வெட்டிக் குப்பையும் சாம்பலும் போட்டு மூடியதும் அதே வழிதான்.

நானாவும் நானும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு முன்பலகைகளைக் கழற்றினோம். எல்லாவற்றையும் வெளியே இழுத்தோம். மீன் தலைகளை மரத்தடியில் ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்தோம். ஈரப்பலா இலைகளை அதுவரை கூட்டிப் பற்றவைப்பதுதான் வழக்கம். அவற்றைக் கையால் நொறுக்கி ஒரு மூடை சேர்த்தோம். தச்சு பாஸ் ஒரு பை மரத்தூள் தந்தார். பழைய அப்பியாசக் கொப்பிகளின் மட்டைகளைக் கிழித்துப் போட்டேன். அதில் என் ஏழாம் வகுப்புக் கணிதக் கொப்பியும் போனது. அடுக்கடுக்காக மீண்டும் நிரப்பி, மேலே ஒரு சட்டி தோட்டத்து மண் தூவினோம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் வரவேண்டும். அதுதான் ஈரத்தின் அளவு.

பிறகு மதிலடிக்குப் போய் அன்ரியிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு கிழமை தவணை தரும்படியும் கேட்டேன். அவர் கொடியை மறுபக்கத்துக்கு மாற்றிக் கட்டியிருந்ததைப் பார்த்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாளே நாற்றம் போய்விட்டது. ஐந்தாம் நாள் சுபஹுக்குப் பிறகு மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஆவி எழும்பியது. கையை உள்ளே விட்டு உடனே எடுத்துவிட்டேன். அவ்வளவு சூடு. நன்றாக அமைந்த குவியலின் நடுப்பகுதி 55 பாகை செல்சியஸையும் தாண்டும் என்று படித்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு, மூச்சு விட்டு, வேலை செய்வதால் வரும் சூடு அது. உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கையை மேலே பிடித்துப் பார்த்துவிட்டு, "விறகில்லாம எரியுது" என்றார். அன்றைக்குப் பிறகு பலகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மரக்கறி வெட்டியதும் தோலை வேறாக எடுத்து வைப்பவரும் இப்போது அவர்தான்.

பத்து நாளைக்கொரு தடவை கிளறினோம். நவம்பரில் முன்பக்கத்து அடிப்பலகையைக் கழற்றியபோது கறுத்து, உதிரியாக, முதல் மழை பெய்த மண்ணின் வாசத்தோடு எரு வந்தது. உள்ளே போட்டது நினைவில்லாதபடி எல்லாம் ஒன்றாகியிருந்தது. முட்டைக்கோதும் மாங்கொட்டையும் மட்டும் தங்களை யாரென்று காட்டிக்கொண்டிருந்தன. முதல் வாளி மதிலுக்கு மேலால் போனது. அன்ரியின் மல்லிகைச் சாடிகளுக்கு. இரண்டாவது வாளியில் உம்மும்மா கொச்சிக்காய் நட்டார். ரம்பையும் வல்லாரையும் தாமாகவே செழித்தன.

அடுத்த நோன்பு காலத்தில்தான் பெட்டிக்கு உண்மையான சோதனை வந்தது. வத்தகப்பழத் தோல், அன்னாசித் தோல், எலுமிச்சைச் சக்கை என்று தினமும் மஃரிபுக்குப் பிறகு ஒரு வாளி. காய்ந்த இலையை முன்கூட்டியே மூடையில் சேர்த்து வைத்திருந்ததால் தப்பினோம். பேரீச்சம்பழக் கொட்டை மட்டும் எத்தனை மாதம் போனாலும் அப்படியே இருக்கிறது.

வெள்ளவத்தையில் மாடிக்குடியிருப்பொன்றின் ஐந்தாம் மாடியில் இருக்கும் என் வகுப்புத் தோழி, "உங்களுக்கு வளவு இருக்கு, எங்களுக்கு?" என்று கேட்டாள். பெட்டி வைக்க முடியாதுதான். அவள் துளையிட்ட இரண்டு மண்முட்டிகளை பல்கனியில் வைத்து, ஒரு பிடி தோலுக்கு இரண்டு பிடி தும்புத்தூள் என்று போட்டு வருகிறாள். அதில் சூடு பிறக்காது. மெதுவாகத்தான் மக்கும். ஆனாலும் கடற்காற்றில் அவளுடைய கறிவேப்பிலைச் செடி தழைத்து நிற்கிறது.

ஒரு வீட்டின் பெட்டியால் நாட்டின் குப்பை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2021 முதல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கேயும் ஈரமான சமையலறைக் கழிவு எரிப்பதற்குத் தொல்லைதான். எங்கே கொண்டுபோனாலும் அழுகும் பொருள்தான் சிக்கல். அதை மட்டுமாவது வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பதுதான் நான் கண்டது. நாம் 'தூர வீசு' என்று சொல்கிறோம். நமக்குத் தூரமான இடம் இன்னொருவருக்கு வாசல். புளூமெண்டலில் இருந்தவர்களுக்கும் மீதொட்டமுல்லையில் இருந்தவர்களுக்கும் அது தெரியும். சாச்சிக்கும் தெரியும்.

2023 ஹஜ்ஜுப் பெருநாளைக்குச் சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். வளவுக்குப் போய்ப் பெட்டியின் மூடியைத் திறந்து, ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். பழைய பிஸ்கட் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போகும்போது, "எங்கட வளவு மணல் மகள், ஒண்டும் புடிக்குதில்ல. ஒரு பை கட்டித் தாங்களேன்" என்றார். பழைய அரிசிப் பையொன்றில் பத்துக் கிலோ கட்டிக் கொடுத்தேன். புறக்கோட்டை பஸ் தரிப்பிடத்தில் நானா அதை ஏற்றிவிட்டார்.

இரவு வீடு போய்ச் சேர்ந்ததும் சாச்சி அழைத்தார். பஸ்ஸில் கண்டக்டர் பையைக் காட்டி என்ன சாமான் என்று கேட்டாராம். "கொழும்புக் குப்ப எண்டேன். அவர் நம்பல்ல" என்று சிரித்தார். பிறகு, "இது நாங்க கேட்டு வாங்கின குப்ப" என்றார். அந்த எருவில் வைத்த முருங்கைக் கன்று இப்போது அவர் வீட்டுக் கூரையைத் தொடுகிறதாம்.

பெட்டிக்கு இப்போது மூன்று வயது. செங்கல்லையும் தாண்டி ஒரு காலில் கறையான் ஏறிவிட்டது. இரண்டு பலகைகள் உக்கிப்போயின. உக்கியவற்றை உடைத்து உள்ளேயே போட்டுவிட்டேன், அவையும் மண்ணாகட்டும் என்று. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் புதுப் பலகை தேட வேண்டும். இந்தத் தடவை சாயாமல் கட்டலாம் என்று நானா சொல்கிறார். உம்மா இப்போதே வாப்பாவிடம் சொல்லிவைத்துவிட்டார், கடையில் நல்ல பெலட் கிடந்தால் மறக்காமல் கேளுங்கள் என்று.